செத்தவரை எழுப்பும் தங்கச்சி

முதலில் ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். சங்கரின் வாள் வெறும் பலகை. மேலே சுற்றியிருப்பது வெள்ளித்தாள். பொன்னரின் கிரீடம் காகித மட்டை. ஒரே கண்ணாடித் துண்டுக்கு முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருவரும் மீசை வரைகிறார்கள். இடம், இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பரா. பகலில் தொட்டிலாடும் இடம் இன்றிரவு ஒப்பனை அறை. வெளியே தப்புக்காரர்கள் நெருப்பில் தோலைக் காய்ச்சுகிறார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

ஆனால் நான் எட்டிப்பார்க்க வந்தது இந்த வீராதி வீரர்களை அல்ல. மூலையில் சேலை கட்டிவிட ஆள் தேடிக்கொண்டிருக்கும் அந்தப் பையனை. கொழும்பில் கடையொன்றில் வேலை, கூத்துக்காக லீவு போட்டு வந்திருக்கிறான். இவன்தான் பொன்னர், சங்கரின் தங்கச்சி அருக்காணித் தங்காள்.

இன்றிரவு ஆடப்போவது 'பொன்னர் சங்கர்' கதை. பெயரில் அண்ணன்மார் இரண்டு பேரும் இருக்கிறார்கள், தங்கச்சி இல்லை. கலைஞர் கருணாநிதி எழுதிய நாவலும் 'பொன்னர் சங்கர்'. 2011இல் பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்த படமும் 'பொன்னர் சங்கர்'. கனடாவின் மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965இல் கொங்கு நாட்டுப் பாடகரிடம் இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தார். பிற்காலத்தில் அதையே 26 பாக அனிமேஷன் தொடராகவும் படக்கதைப் புத்தகங்களாகவும் கொண்டுவந்தார். ஆக, நம்ம தங்காள் முறைப்படி ஒரு காமிக்ஸ் நாயகி! குதிரையும் வேட்டையும் அண்ணன்மாருக்கு. அவளுக்கு வாய்த்தது வேறு: நடக்கப்போவதைக் கனவில் காண்பாள், படுகளத்தில் மாண்டு கிடக்கும் அண்ணன்மாரை எழுப்புவாள்.

1974இல் காமிக்ஸில் வந்த வூல்வரினுக்குத் தன் காயம் மட்டும்தான் ஆறும். தங்காளுக்கோ மற்றவர் உயிர். அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. எழுந்த அண்ணன்மார் நாலு வார்த்தை பேசுவார்கள். எங்களுக்கு விதித்தது பதினாறு வயசுதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவார்கள். எந்த காமிக்ஸ் கம்பெனியும் இப்படி ஒரு சக்தியைத் துணிந்து எழுதாது என்பேன்.

கொங்கு நாட்டில் இந்தக் கட்டம் வரும்போது கூட்டத்தில் நிற்பவர்களே அருள் வந்து சாய்வார்கள். அவர்களையும் வரிசையாகக் கிடத்தித் தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். மணப்பாறைப் பக்கத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவே இதற்காகத்தான். திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் வந்த சனங்கள் இந்தக் கதையையும் இந்த இலங்கை மலைக்குக் கொண்டுவந்தார்கள். காமன் கூத்து, அருச்சுனன் தபசு இரண்டோடும் சேர்ந்து இன்றும் தோட்டங்களில் ஆடுகிறார்கள்.

சரி, உள்ளே போவோம். ஒப்பனைக்காரர் பையனின் தாடையில் முத்துவெள்ளை பூசுகிறார். மழித்த மயிரின் பச்சை மறையவே மாட்டேன் என்கிறது, இன்னொரு பூச்சு. சுவரோரம் தனியாக ஒரு பித்தளைச் செம்பு, வாயில் வேப்பிலை, கழுத்தில் மஞ்சள் கயிறு. அட்டைக் கிரீடத்தைப் பிள்ளைகள் தலையில் மாட்டி விளையாடுகிறார்கள், யாரும் ஏசவில்லை. செம்புப் பக்கம் ஒரு சின்னக் கை நீண்டதும், "அடேய், தொடாத!" என்று நாலு பேர் ஒரே குரலில். ராஜாக்கள் இருவர்கூட அதைச் சுற்றித்தான் நடக்கிறார்கள்.

மாஸ்டர் கடைசிப் பாடம் எடுக்கிறார். "செத்துட்டா செத்ததுதான். அட்டை கடிச்சாலும் அசையக் கூடாது. தங்கா தண்ணி தெளிச்சப் பெறகுதான் கண்ணத் தொறக்கணும்."

"மாஸ்டர், போன வருசம் தண்ணி படுறதுக்கு முந்தியே எந்திரிச்சது இவருதான்," பொன்னர் சங்கரைக் காட்டிக்கொடுக்கிறார்.

"குளிருச்சுண்ணே!"

காம்பராவே சிரிப்பில் அதிர்கிறது. இந்த மலைக்குளிரில், விடியப்போகும் நேரத்தில், ஈரத் தரையில் சட்டையில்லாமல் கிடப்பவன் முகத்தில் செம்புத் தண்ணி பட்டால் எழும்பாமல் என்ன செய்வான்? சக்தியில் பாதி அம்மனுடையது, மீதி பனியுடையது என்று என் காதில் கிசுகிசுத்தது உடுக்குக்காரர். சொல்லிவிட்டுச் செம்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சேலைக்கு ஆறாவது ஊக்கு குத்தும்போது சங்கர் மெல்ல மாஸ்டர் பக்கம் நகர்கிறார்.

"மாஸ்டர், அடுத்த வருசம் தங்கா வேசம் எனக்குத் தாங்களேன்."

மாஸ்டர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "மொதல்ல இந்த வருசம் ஒழுங்கா சாவு."