சட்டம் வந்தாச்சு... அமலுக்கு வந்துச்சா? ஆன்லைன் ரம்மி சட்டம் காட்டும் வித்தியாசம்

2022 அக்டோபர் தொடக்கத்தில் ஆன்லைன் சூதாட்டத் தடை அவசரச் சட்டத்துக்குத் தமிழ்நாடு ஆளுநர் ஒப்புதல் கொடுத்தார். ‘ரம்மிக்குத் தடை’ என்று செய்தி ஓடியது. ஆனால், அந்தச் சட்டம் ஒரு நாள்கூட அமலில் இருக்கவில்லை. நவம்பர் 27-ம் தேதி அப்படியே காலாவதியாகிவிட்டது.

அதெப்படி?

காரணம், அதன் முதல் பிரிவில் இருந்த ஒரு வரி. அரசு அறிவிக்கும் தேதியில்தான் சட்டம் அமலுக்கு வரும் என்றது அது. அந்தத் தேதியை அரசு கடைசிவரை அறிவிக்கவே இல்லை. கேமிங் நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, ‘இன்னும் அமலுக்கே வரலையே’ என்பதுதான் அரசுத் தரப்பின் பதில்.

பேரவையில் நிறைவேறுவது, ஆளுநர் ஒப்புதல், அரசிதழில் வெளியாவது, அமலுக்கு வருவது... நாலுக்கும் தனித்தனித் தேதி இருக்கலாம். சட்டத்தில் தேதியே சொல்லவில்லை என்றால், தமிழ்நாடு பொது உட்பிரிவுகள் சட்டம், 1891 கைகொடுக்கும். ஒப்புதல் கிடைத்த விவரம் அரசிதழில் முதலில் வெளியாகும் நாளே தொடக்கம். மத்திய சட்டம் என்றால் கணக்கு வேற: குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த நாள். ‘அரசு அறிவிக்கும் தேதி’ என்றிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். சட்டத்தை அமலுக்குக் கொண்டுவரச் சொல்லி அரசுக்கு உத்தரவிட முடியாது என்று 1981-ல் ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ரம்மி கதைக்கு வருவோம். அவசரச் சட்டத்துக்குப் பதிலாக 2022 அக்டோபர் 19-ல் பேரவையில் மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச் 23-ல் மறுபடியும் நிறைவேற்றினார்கள். ஏப்ரலில் ஒப்புதல். அமலுக்கு வந்தது ஏப்ரல் 21-ல்.

ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் (இரண்டும் சேர்ந்தும் வரலாம்) என்கிறது இந்தச் சட்டம். அப்படியானால், ஏப்ரல் 20 இரவு ஆடியவரை இதன்கீழ் தண்டிக்கலாமா? முடியாது. செய்த நேரத்தில் அமலில் இருந்த சட்டப்படி குற்றமாக இருந்தால்தான் தண்டனை என்கிறது அரசியலமைப்பின் 20(1) பிரிவு. அமல் தேதி எவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் தெரியும்.

சரி, அமலுக்கு வந்தாச்சு. கதை முடிஞ்சுதா? இல்லை. ‘சூதாட்டம்’ என்றால் எது என்ற கேள்வி வந்தது. சூதாட்டம் பற்றிச் சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லியிருந்தது. 2023 நவம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் சட்டத்தை மொத்தமாகத் தூக்கி எறியவில்லை. ‘அதிர்ஷ்ட விளையாட்டுகளுக்கு மட்டும்’ என்று சுருக்கிப் படித்தது. ரம்மி, போக்கரைப் பெயர் சொல்லிச் சேர்த்த அட்டவணையை மட்டும் ரத்து செய்தது. எந்த விளையாட்டுக்காகச் சட்டம் வந்ததோ, அதுவே வெளியே போய்விட்டது!

பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அதன் முதல் பிரிவிலும் அதே வரிதான்: அரசு அறிவிக்கும் தேதியில் அமலுக்கு வரும்.