ஒரு டேபிளில் உள்ள விலையை இன்னொரு டேபிளில் ஏற்ற

என் பெரியப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடைப் பொருட்களை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் பதிந்து கொடுத்தது நான்தான். ஒருமுறை பைப் கம்பெனி விலையை மாற்றியது. மாறிய 312 பொருட்களின் விலையை அவரே இரண்டு இரவு உட்கார்ந்து தனி டேபிளில் டைப் செய்தார். "தம்பி, இதை பழைய லிஸ்ட்ல ஏத்திக் கொடுப்பா" என்றார்.

ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை. அப்டேட் குவெரி போதும். பழைய டேபிள் 'பொருட்கள்', புதியது 'புதுவிலை' என்று வைத்துக் கொள்வோம். இரண்டிலும் கோட், விலை என்ற ஃபீல்டுகள் இருக்கின்றன.

கிரியேட் டேபில் குவெரி டிசைன் கிளிக் செய்து இரண்டு டேபிள்களையும் சேருங்கள். ஒன்றில் உள்ள கோட் ஃபீல்டை இழுத்து மற்றதன் கோட் மீது விடுங்கள். ஒரு கோடு தோன்றும். இதுதான் ஜாயின். ஒன்றில் கோட் எண்ணாகவும் மற்றதில் டெக்ஸ்ட்டாகவும் இருந்தால் குவெரி ஓடாது.

உடனே அப்டேட்டுக்குப் போகாதீர்கள். முதலில் இரண்டு விலைகளையும் கீழே உள்ள கட்டங்களில் போட்டு, சாதாரண குவெரியாக ஓட்டிப் பாருங்கள். 104 என்ற எல்போவுக்குப் பழைய விலை 18, புதிய விலை 21 என்று அருகருகே தெரியும். சரியாக இருந்தால் அப்டேட் பட்டனை அழுத்தி, 'பொருட்கள்' டேபிளின் விலையை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதை நீக்குங்கள். அப்டேட் டூ வரிசையில் [புதுவிலை].[விலை] என்று சதுர அடைப்புக்குறிகளுடன் டைப் செய்து, ரன் கொடுங்கள்.

நான் இங்கேதான் கோட்டை விட்டேன். டேபிள் வரிசையில் 'புதுவிலை' இருந்ததைக் கவனிக்காமல், அப்டேட் டூவில் பழைய விலையைக் கொடுத்துவிட்டேன். 312 வரிசைகள் மாறப் போகின்றன, அன்டூ செய்ய முடியாது என்று எச்சரிக்கை வந்தது. எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று யெஸ் அழுத்தினேன். எந்தப் பக்கம் ஏற்றினாலும் 312தான் என்பது பிறகுதான் உறைத்தது! புதிய விலைகள் அத்தனையும் பழையதாகிவிட்டன. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி டைப் செய்தார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போதெல்லாம் இரண்டு டேபிள்களையும் முதலில் காப்பி, பேஸ்ட் செய்து வைத்துவிடுகிறேன்.

இன்னொன்று. புதுவிலையில் இல்லாத பொருட்கள் பழைய விலையிலேயே இருக்கும், பயம் வேண்டாம். ஆனால் ஒரே கோட் அங்கே இரண்டு முறை இருந்தால் எந்த விலை நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அந்த டேபிளின் கோட் ஃபீல்டை பிரைமரி கீ ஆக்கிவிடுங்கள். இரண்டாவது முறை டைப் செய்யும்போதே ஆக்சஸ் தடுத்துவிடும்.