ஆடிக்காற்று தள்ளிவிடும் பாதை

பிரான்ஸில் அட்லாண்டிக் கடலோரத்திலிருந்து லுவார் ஆற்றை ஒட்டியபடி, திராட்சைத் தோட்டங்களையும் பழைய கிராமங்களையும் கோட்டைகளையும் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. அதற்காகவே உலகெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். தருமபுரி மாவட்டத்தில் கடலும் இல்லை, லுவாரும் இல்லை. ஆனால் ஏரியூர் வழியாக ஒரு பாதை இருக்கிறது. அகன்ற நீர்ப்பரப்பில் தொடங்கி, கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே ஏறி, சங்ககாலத் தகடூரான தருமபுரியில் அது போய்ச் சேர்கிறது. அந்தப் பாதைக்குப் பெயர்ப்பலகை மட்டும்தான் இன்னும் வைக்கப்படவில்லை.

சேலம் மாவட்டத்துப் பண்ணவாடித் துறையில் சைக்கிளோடு படகேறினால், மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தைக் கடந்து நாகமரைத் துறையில் இறங்கலாம். நாகமரையிலிருந்து ஏரியூர், அங்கிருந்து பென்னாகரம், பிறகு இண்டூர் வழியாகத் தருமபுரி. நேரமிருப்பவர்கள் பெரும்பாலைக்கும் பாப்பாரப்பட்டிக்கும் ஒதுங்கிப் போகலாம். இந்தப் பாதை நெடுகிலும் எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே என்ன விளையும், எங்கே ஊர் அமையும், எங்கே நமக்கு மூச்சு வாங்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: நிலத்தின் சரிவு. காரில் போனால் அது தெரியாது. சைக்கிளில் போனால் முழங்காலே சொல்லிவிடும்.

இடம் மாறும் கரை

மேட்டூர் அணை 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அன்றைய சென்னை ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரால் இது ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பினால் தண்ணீர் ஒகேனக்கல் அடிவாரம் வரை எட்டும். அப்போது அதன் மட்டம் கடல்மட்டத்திலிருந்து 790 அடி, அதாவது 241 மீட்டர்.

இந்தக் கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை. சரிவு குறைவான இடத்தில் நீர்மட்டம் சில அடி இறங்கினாலே கரை வெகுதூரம் பின்வாங்கிவிடும். வண்டலோடு வெளிப்படும் அந்த நிலத்தில் சுற்றுவட்டார உழவர்கள் கம்பும் சோளமும் எள்ளும் விதைக்கிறார்கள். இன்னும் வற்றினால், அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சங்கள் தலைகாட்டும். பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் அப்படித்தான் வெளியே வருகின்றன. அணையின் நிலவரத்தைச் செய்தித்தாளில் அடிக்கணக்கில் பார்க்கும் நமக்கு, அந்த அடிகள் தரையில் என்ன செய்கின்றன என்பதை நாகமரைக் கரை காட்டித்தரும்.

ஒரு களி உருண்டையின் கணக்கு

தருமபுரி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 468 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, நிரம்பிய அணையின் கரையிலிருந்து புறப்படுபவர் மொத்தத்தில் 227 மீட்டர் ஏறியாக வேண்டும். அதற்கு எவ்வளவு ஆற்றல் தேவை?

60 கிலோ எடையுள்ள ஒருவர், 20 கிலோ எடையுள்ள சைக்கிளில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோவை 227 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 178 கிலோஜூல் வேலை செய்ய வேண்டும். நம் தசைகள் உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. மீதி முக்கால்பங்கு உடம்புச் சூடாகப் போய்விடுகிறது. அதையும் சேர்த்தால் உணவுக் கணக்கில் சுமார் 170 கலோரி. 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 320 கலோரி இருக்கிறது. அப்படியானால், காவிரிக் கரையிலிருந்து தருமபுரி மேட்டுக்கு ஏறும் அந்த ஏற்றத்துக்கு மட்டும் ஆகும் செலவு 55 கிராமுக்கும் குறைவான கேழ்வரகு மாவு. ஒரு பெரிய களி உருண்டைக்குப் போடும் மாவில் பாதிதான்!

சமதரையிலும் செலவு உண்டு. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டயர் தரையில் உருள்வதால் வரும் தடையும் எதிரே நிற்கும் காற்றின் தடையும் சேர்ந்து, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 கிலோஜூல் அளவுக்கு வேலை வாங்கும். அந்தக் கணக்கில் 227 மீட்டர் ஏறுவதும் சமதரையில் 15 கிலோமீட்டர் போவதும் ஒன்றுதான்.

பிறகு ஏன் மேடு இவ்வளவு மலைப்பாக இருக்கிறது? ஏற்றம் மொத்தப் பாதைக்கும் சமமாகப் பரவிக் கிடந்தால் நாம் பெரிதாக உணர மாட்டோம். 25 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில், சமதரையில் நொடிக்குச் செலவழித்த அதே ஆற்றலோடு மிதித்தால் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். அது நடைவேகம். அதோடு, ஏரியூர்ப் பக்கத்துச் சாலைகள் ஏறி இறங்கி மீண்டும் ஏறுபவை. இறக்கத்தில் சேரும் வேகத்தைக் காற்றும் பிரேக்கும் தின்றுவிடுகின்றன. அதே உயரத்தை இன்னொரு முறை புதிதாக ஏற வேண்டியிருக்கிறது. கியர் வைத்த சைக்கிள் இந்த வேலையைக் குறைப்பதில்லை. ஒவ்வொரு மிதிக்கும் கொடுக்க வேண்டிய பலத்தைக் குறைத்து, மிதிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடப்பதோடு ஒப்பிட்டால் சைக்கிள் மலிவு. 1973-இல் ஆக்ஸ்ஃபோர்டு பொறியாளர் எஸ்.எஸ். வில்சன் விலங்குகள், பறவைகள், எந்திரங்கள் எல்லாவற்றின் பயணச் செலவையும் வரிசைப்படுத்திப் பார்த்தார். ஒரு கிராம் எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஆகும் ஆற்றலில் எல்லோரையும் விடக் குறைவாகச் செலவழித்தது சைக்கிளில் போகும் மனிதன்தான். நடப்பவருக்கு ஆவதில் ஐந்தில் ஒரு பங்கு.

காற்றும் வெள்ளமும் ஒரே திசையில்

நாகமரையிலிருந்து தருமபுரி ஏறக்குறைய வடகிழக்கில் இருக்கிறது. ஆடியில் அடிக்கும் காற்றோ மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. அம்மியையும் பறக்கவைக்கும் என்று நாம் சொல்லும் அந்தக் காற்று இந்தப் பாதையில் முதுகுக்குப் பின்னால் நின்று தள்ளும்.

எவ்வளவு உதவும்? காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் நமக்குப் பின்னாலிருந்து 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், நம் முகத்தில் மோதுவது 5 கிலோமீட்டர் காற்று மட்டுமே. வேகம் மூன்றில் ஒரு பங்கு, ஆகவே தடை ஒன்பதில் ஒரு பங்கு. திரும்பி வரும்போது அதே காற்று எதிர்க்காற்று. அப்போது மோதுவது 25 கிலோமீட்டர் காற்று, தடை ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே ஆடியில் நாகமரையிலிருந்து மேலே ஏறுவதுதான் புத்திசாலித்தனம்.

இந்தத் தென்மேற்குக் காற்றுதான் குடகிலும் வயநாட்டிலும் மழையைக் கொட்டி, கபினியையும் கிருஷ்ணராஜசாகரையும் நிரப்பி, ஆடிப்பெருக்கை ஒட்டி மேட்டூருக்குத் தண்ணீர் அனுப்புகிறது. மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பங்கு ஈரத்தை இறக்கிவிடுவதால் தருமபுரிக்கு வரும்போது அது வறண்ட காற்று. காவிரியில் வெள்ளம் புரள, கரைமேல் இருக்கும் கொல்லை தூறலுக்குக் காத்திருப்பது அதனால்தான்.

கேழ்வரகின் ரகசியம்

ஐரோப்பியப் பாதையில் திராட்சைக் கொடி எப்படியோ, இந்தப் பாதையில் கேழ்வரகு அப்படி. கூடவே நிலக்கடலையும் மரவள்ளியும் சாமையும் மாந்தோப்பும் உண்டு. இவற்றில் மரவள்ளியும் நிலக்கடலையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் பிறந்து, வெகுகாலத்துக்கு முன்பே கடல் கடந்து வந்து நம் உணவானது.

நண்பகல் வெயிலில் ஒரு கேழ்வரகு இலையைக் கையில் பிடித்துப் பாருங்கள். கரியமில வாயுவை உள்ளே எடுக்க இலைத்துளைகள் திறந்தாக வேண்டும். திறந்தால் தண்ணீர் ஆவியாகப் போகும். எல்லாப் பயிருக்கும் உள்ள சங்கடம் இது. நெல்லில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி, வெப்பம் ஏற ஏறத் தவறிப்போய் ஆக்சிஜனைப் பிடித்து உழைப்பை வீணாக்கும். கேழ்வரகு வேறு வழி வைத்திருக்கிறது. இலையின் வெளிச் செல்களில் இன்னொரு நொதி கரியமில வாயுவை முதலில் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட சேர்மமாக்கி, நரம்பைச் சுற்றியிருக்கும் உட்செல்களுக்கு அனுப்புகிறது. அங்கே வாயு அடர்த்தியாகச் சேர்வதால் தவறு நேர்வது மிகக் குறைவு. துளைகளை அகலத் திறக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே குறைந்த தண்ணீரில் நிறைய விளைச்சல்.

இந்த வழியை 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இரு விஞ்ஞானிகள் கரும்பில் கண்டு விளக்கினார்கள். கம்பு, சோளம், சாமை, கரும்பு எல்லாம் இதே வகை. தகடூர் அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மழைநீர் சரிவில் ஓடிப்போய்விடும் மேட்டில், ஆழமில்லாத செம்மண்ணில், தாங்கி நின்று தானியம் கொடுப்பது இந்த வகைப் பயிர்தான். மேட்டில் ஏற நமக்கு வலுக்கொடுக்கும் களியும் அதே மேட்டில்தான் விளைகிறது.

கல் சொல்லும் வயது

சாலைக்காக வெட்டிய பாறைச் சுவர்களில் வெளிறிய பட்டைகளும் கரும்பட்டைகளும் மாறிமாறி வளைந்து கிடப்பதைப் பார்க்கலாம். அது நைஸ் பாறை. சில இடங்களில் எண்ணெய் தடவியதுபோன்ற பளபளப்போடு நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருப்பது சார்னோகைட். பூமிக்குள் 20 கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே, 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கற்கள் இவை. இவற்றின் மேலிருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையையும் மழையும் ஆறும் அரித்துக் கொண்டுபோய்விட்டன. ஒகேனக்கல்லில் இருக்கும் கார்பனடைட் பாறை சுமார் 240 கோடி ஆண்டுப் பழமையானது. சுண்ணாம்புக்கல் போன்ற பொருள் எரிமலைக் குழம்பிலிருந்து உறைந்த அபூர்வம் அது. உலகிலேயே மிகப் பழைய கார்பனடைட்டுகளில் ஒன்று.

இந்தக் கடினமான பாறை நிலத்தில் ஆறு தனக்குப் பள்ளம் பறித்ததால்தான் நாம் ஏறும் சரிவு உண்டானது. பாறைமேல் மண் குறைவு, நிலத்தடி நீரும் குறைவு. அதனால் பழங்காலத்தில் இங்கே கால்நடையே செல்வம். ஆநிரை கவரவும் மீட்கவும் நடந்த பூசல்களில் மாண்டவர்களுக்கு நட்ட நடுகற்கள் மாவட்டம் முழுக்கக் கிடைக்கின்றன. தருமபுரி அகழ்வைப்பகத்தில் அவற்றை அருகில் நின்று பார்க்கலாம். வழியிலுள்ள பெரும்பாலையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வு செய்தது. பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா ஆசிரமம் அமைத்து வாழ்ந்து, 1925 ஜூலை 23 அன்று மறைந்தார். தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாதென்று ஆங்கில அரசு தடுக்க, ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசிய மனிதர் அவர். இந்த மேடுபள்ளங்களில் சைக்கிளில் ஏறி இறங்குபவருக்கு அந்த நடையின் எடை புரியும்.

பாதைக்கு என்ன வேண்டும்?

பெரிய முதலீடு வேண்டாம். நாகமரையிலிருந்து தருமபுரி வரை ஒவ்வொரு ஊரிலும் உயரத்தையும் தொலைவையும் சொல்லும் ஒரு பலகை, குடிதண்ணீர், சாலையோரம் மண் சரியாத ஓரடிப் பாதை. எல்லாவற்றையும் விட முக்கியம் நிழல். மிதிப்பவரின் உடம்பில் ஆற்றலின் முக்கால்பங்கு சூடாகத்தான் வெளியேறியாக வேண்டும். மேலிருந்து வெயிலும் சேர்ந்தால் உடம்பு தாங்காது. சாலையை அகலப்படுத்தும்போது புளியமரங்களை வெட்டிவிட்டு, பிறகு சைக்கிள் பாதை போட்டுப் பயனில்லை.

வெளியூர்க்காரர்கள் வந்தால் வரட்டும். ஆனால் இந்தச் சரிவுகளை அன்றாடம் மிதித்து ஏறுபவர்கள் வேறு யாரோ அல்ல. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் மேல்நிலைப் பள்ளிக்குப் போய்வரும் ஏரியூர்ச் சுற்றுவட்டாரப் பிள்ளைகள்தான். தாங்கள் ஏறும் மேட்டின் கணக்கையும், வழியில் நிற்கும் கேழ்வரகின் வேதியியலையும், கால் ஊன்றும் பாறையின் வயதையும் அவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். இயற்பியலும் தாவரவியலும் நிலவியலும் வரலாறும் ஒரே சாலையில் வரிசையாகக் கிடைக்கும் வகுப்பறை வேறெங்கும் எளிதில் அமையாது. பாதையைக் குறிப்பதென்றால் முதலில் அவர்களுக்காகக் குறிப்போம்.