மீண்டும் தூண்டில்: மாரடைப்புக்குப் பின் நீர்க்கரைக்குத் திரும்புவோருக்கு

மாரடைப்பிலிருந்து மீண்டு வருவோர் எங்கள் புறநோயாளர் பிரிவில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எப்போது வேலைக்குத் திரும்பலாம், மாடிப்படி ஏறலாமா, வண்டி ஓட்டலாமா, முட்டை உண்ணலாமா என்பன அவை. ஓய்வுபெற்ற ரயில்வே பணியாளர் ஒருவர், ஸ்டென்ட் பொருத்தப்பட்ட ஆறாவது வாரத்தில் வந்தபோது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்: "டாக்டர், தூண்டில் போடப் போகலாமா?"

சிறுவயதில் தந்தையுடன் வாய்க்கால் கரையில் அமர்ந்து கெண்டை பிடித்தவர் அவர். பணி, இடமாற்றம், பிள்ளைகளின் படிப்பு என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூண்டிலைத் தொடவில்லை. ஓய்வு பெற்றதும் மீண்டும் தொடங்கலாம் என்றிருந்த வேளையில் மாரடைப்பு வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி, "வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்பதுபோல் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று கூட்டம் மிகுதி. "இப்போதைக்கு அதெல்லாம் வேண்டாம், ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

மூன்று மாதங்கள் கழித்து அவர் வந்தபோது எடை கூடியிருந்தது. நடைப்பயிற்சியை நிறுத்தியிருந்தார். மாத்திரைகளையும் விட்டு விட்டுத்தான் உட்கொண்டிருந்தார். காரணம் கேட்டபோது, "வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க இவ்வளவு மாத்திரை எதற்கு டாக்டர்?" என்றார்.

மாரடைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. அத்தகையோர் மருந்தையும் பயிற்சியையும் கைவிடுவது மிகுதி. அவர்களுக்கு இதயப் பாதிப்பு மீண்டும் நேரும் வாய்ப்பும் கூடுகிறது. "வேண்டாம்" என்பது பாதுகாப்பான விடை என்று நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மையில் அது அவசரத்தில் சொன்ன விடை. அன்றே அவரிடமும் அவர் மனைவியிடமும் சொல்லியிருக்க வேண்டியவற்றை, அவருடைய இசைவுடன், இங்கே எழுதுகிறோம்.

இதயம் எதை அளக்கிறது?

பொழுதுபோக்கின் பெயர் இதயத்துக்குத் தெரியாது. அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது மட்டுமே தெரியும். அந்த உழைப்பை அளக்க மருத்துவத்தில் 'மெட்' என்னும் அலகு உண்டு. அசையாமல் அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட். ஓரிடத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுவதற்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 மெட் போதும். கரையில் நின்றுகொண்டே போட்டால் 3.5. இடம் மாற்றி மாற்றிக் கரையோரம் நடந்தால் 4. நீரோட்டத்தில் இறங்கி நின்றால் 6. இரண்டு மாடிப்படிகளை இயல்பான வேகத்தில் ஏறுவதற்கு ஏறத்தாழ 4 மெட் தேவைப்படுகிறது.

ஆகவே, நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இன்றி, நடுவில் நிற்காமல் இரண்டு மாடி ஏறக்கூடிய ஒருவருக்குக் கரையில் அமர்ந்து மீன் பிடிப்பது பெரும்பாலும் இயலும். உண்மையான சுமை வேறிடத்தில் இருக்கிறது. தூண்டில், பை, தண்ணீர்க் குடம் ஆகியவற்றைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான ஏரிக்கரையில் ஏறுவதே அன்றைய பொழுதின் மிகக் கடினமான உழைப்பு. சுமையை உடன் வருபவர் எடுத்துக்கொள்ளட்டும். சற்றுச் சுற்றினாலும் சரிவு குறைந்த வழியே செல்லுங்கள்.

எப்போது தொடங்கலாம்?

சிக்கலின்றி ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், சில வாரங்களுக்குப் பின், மருத்துவரின் பரிசோதனை முடிந்ததும் தொடங்கலாம். தேவையெனில் எக்கோவும் டிரெட்மில் பரிசோதனையும் செய்து பார்ப்போம். பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்கு நெஞ்செலும்பு கூடுவதற்கு 6 முதல் 12 வாரங்கள் வரை ஆகும். அதுவரை தூண்டிலை வீசுவதும், கனத்த மீனை இழுப்பதும், ஒரு கையை ஊன்றி எழுவதும் கூடாது.

ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் இன்னும் கட்டுக்குள் வராதவர்கள், இதயத்துடிப்புச் சீர்கேட்டால் மயங்கி விழுந்தவர்கள் காத்திருக்க வேண்டும். முதலில் அதற்குரிய சிகிச்சை முடியட்டும்.

முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். காலை பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். இல்லையேல் மாலை நான்கு மணிக்குப் பின் செல்லுங்கள். மறுநாள் அயர்ச்சி இல்லையென்றால் அடுத்த வாரம் அரை மணி நேரம் கூட்டலாம்.

கை நினைவில் வைத்திருப்பதும் உடல் மறந்ததும்

முள்ளில் மண்புழுவைக் கோப்பதும் தக்கையின் அசைவைக் கண்டு சுண்டுவதும் முப்பது ஆண்டுகள் கழித்தும் கைக்கு நினைவிருக்கும். உடலோ அன்றைய உடல் அன்று. சிறுவயதில் குத்துக்காலிட்டு அமர்ந்த பழக்கத்தில் இப்போதும் அவ்வாறே அமர்ந்து, மீன் கடித்ததும் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து தலை சுற்றும். இரத்த அழுத்த மாத்திரையும் நைட்ரேட் மாத்திரையும் உட்கொள்வோருக்கு இது இன்னும் எளிதில் நேரும். நீர் விளிம்பில் நிற்பவருக்குத் தலைசுற்றலே ஆபத்து. முதுகுச் சாய்வுள்ள மடக்கு நாற்காலியை, விளிம்பிலிருந்து சில அடி தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். எழுவதற்கு முன் கால்களைச் சிலமுறை நீட்டி மடக்குங்கள்.

நீங்கள் அறிந்திருந்த குளமும் இன்று அதே குளமாக இராது. வண்டல் மண் எடுத்த குழிகள் நீருக்கடியில் மறைந்திருக்கும். முன்பு முழங்காலளவு இருந்த இடம் இன்று ஆளுயரம் இருக்கலாம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டால் மட்டம் விரைவில் உயரும். வெள்ள எச்சரிக்கை உள்ள நாள்களில் ஆற்றுப் பக்கம் செல்லவே வேண்டாம். பல ஏரி, குளங்களின் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்றுக்கொள்வது, கரையில் எழும் வீண் வாக்குவாதத்தையும் அதனால் ஏறும் இரத்த அழுத்தத்தையும் தவிர்க்கும்.

இடி முழங்கினால் உடனே எழுந்து கட்டடத்துக்கோ காருக்கோ சென்றுவிடுங்கள். கடைசி இடிச்சத்தத்துக்குப் பின் 30 நிமிடம் கழித்தே திரும்புங்கள். இக்காலத் தூண்டில் மட்டைகள் பல கார்பன் இழையால் ஆனவை. அவை மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளுக்கு அடியில் நின்று வீசாதீர்கள்.

மாத்திரைகள் பற்றி

நீர்க்கரைக்குச் செல்லும் நாளில் சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவோர் உண்டு. கரையில் அடிக்கடி எழ வேண்டியிருக்குமே என்ற தயக்கம்தான் காரணம். தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள். மாத்திரையை விடத் தேவையில்லை. உட்கொள்ளும் நேரத்தை மாற்றித் தர இயலும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளவு சொல்லியிருப்போம். வெயிலில் செல்லும் நாளில் அந்த அளவு எப்படி மாற வேண்டும் என்பதையும் முன்னரே கேட்டறியுங்கள்.

இன்சுலின் செலுத்துவோர் உணவைத் தள்ளிப்போடாதீர்கள். மீன் கடிக்கும் நேரம் என்று காலை உணவை மறந்து, சர்க்கரை தாழ்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். அளவு 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் குடியுங்கள். இன்சுலின் பேனாவை வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியில் வைக்காதீர்கள். வெப்பத்தில் மருந்து வீரியம் இழக்கும்.

முள்ளும் காயமும்

ஸ்டென்ட் பொருத்தியவர்கள் ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரிலர் உட்கொள்வார்கள். இவை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். சிறு காயத்திலும் இரத்தம் சற்று நேரம் வடியும். அதற்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரக்கூடும். தூய துணியால் காயத்தை 10 நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடியுங்கள்.

தூண்டில் முள்ளுக்குப் பின்முள் உண்டு. சதையில் ஆழ ஏறியிருந்தால் வந்த வழியே இழுக்காதீர்கள். நரம்பை மட்டும் அறுத்துவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். கண்ணில் பட்டிருந்தால் தொடவே கூடாது. காகிதக் கோப்பையால் கண்ணை அழுத்தாமல் மூடிக்கொண்டு உடனே வாருங்கள். தடுப்பூசி அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டுகள் கடந்திருந்தால் முன்னதாகவே போட்டுக்கொள்ளலாம்.

கெளுத்தியின் முதுகிலும் பக்கத் துடுப்புகளிலும் உள்ள முள் நஞ்சுடையது. குத்தினால் கடுமையாக வலிக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அவ்விடத்தை 30 நிமிடம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி தணியும். சூட்டை மற்றொருவர் கைவைத்துப் பார்த்த பின்னரே வையுங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வெந்நீரே புண்ணை உண்டாக்கிவிடும்.

அவர்கள் வெறுங்காலுடன் கரையில் நடக்கவும் கூடாது. சுடுமணலும் கருவேல முள்ளும் கிளிஞ்சலும் வலியின்றியே காலைப் புண்ணாக்கிவிடும். மூடிய காலணி அணியுங்கள். வீடு திரும்பியதும் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலை வீட்டிலுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். காலில் புண் இருக்கும்போது, குறிப்பாக மழைக்காலத்தில், தேங்கிய நீரில் இறங்காதீர்கள்; எலிக்காய்ச்சல் அவ்வழியாகத்தான் பரவுகிறது. நீரில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடும் தசைவலி, கண் சிவப்பு தோன்றினால், "குளத்தில் இறங்கினேன்" என்று மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

தூண்டிலைக் கீழே வையுங்கள்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமின்றி வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தூண்டிலை அந்தக் கணமே கீழே வையுங்கள். மீன் மாட்டியிருந்தாலும் வையுங்கள். "இதை மட்டும் கரையேற்றிவிடுகிறேன்" என்று காத்திருக்கும் நிமிடங்களில் இதயத்தசை பட்டுப்போகலாம். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டு இருக்கவும் வேண்டாம். உட்காருங்கள். மருத்துவர் தந்திருந்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை ஒன்றை வையுங்கள். 5 நிமிடத்தில் வலி நீங்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

அழைத்ததும் "ஏரிக்கரையில் இருக்கிறோம்" என்றால் ஊர்தி வந்து சேராது. எந்த ஊர், எந்த மதகு, அருகில் எந்தக் கோயில் அல்லது பள்ளி என்பதைப் புறப்படும் முன்பே வீட்டில் சொல்லிச் செல்லுங்கள். தனியாகச் செல்லாதீர்கள். கைப்பேசிக்கு அங்கே சிக்னல் கிடைக்கிறதா என்பதையும் முதல் நாளே பாருங்கள்.

குடும்பத்தாருக்கு

உங்கள் அச்சம் நியாயமானது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் இரவெல்லாம் அமர்ந்திருந்தவர்கள் நீங்கள். எனினும், நோயாளி ஆசைப்படும் ஒவ்வொன்றையும் தடுத்தால், அவர் உடல்நலம் தேறுவதற்கான காரணத்தையும் சேர்த்தே தடுத்துவிடுகிறோம். "போகக் கூடாது" என்பதற்கு மாறாக, "யாருடன், எங்கே, எத்தனை மணி வரை" என்று கேளுங்கள். பிடித்து வரும் மீனைக் குறைந்த எண்ணெயில் குழம்பாக வைத்துத் தாருங்கள். உப்பு மிகுந்த கருவாடு மட்டும் இதய நோயாளிக்கு வேண்டாம்.

அந்த ரயில்வே பணியாளரை அன்று டிரெட்மில் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு நன்றாக இருந்தது. நாங்கள் எழுதித் தந்த ஒரு பக்கக் குறிப்பை அவர் மனைவி இருமுறை படித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவர் மைத்துனருடன் வாய்க்காலுக்குச் சென்றார். ஒரு மணி நேரத்தில் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை என்று பின்னர் சொன்னார். நான்காவது வாரம் மனைவியும் தமக்கு ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு உடன் சென்றிருக்கிறார்.

சென்ற முறை பரிசோதனைக்கு வந்தபோது அவர் எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. மாத்திரைகள் ஒரு வேளையும் தவறவில்லை. நாள்தோறும் 40 நிமிடம் நடப்பதாகச் சொன்னார். "கரை ஏற மூச்சு வேண்டுமே, டாக்டர்" என்றார்.

உங்களுக்கும் இவ்வாறு விட்டுப்போன ஒன்று இருக்கலாம். அது தூண்டிலாகவோ தோட்டமாகவோ பஜனையாகவோ இருக்கலாம். அடுத்த முறை வரும்போது அதை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். கூட்டம் மிகுதியாக இருந்தாலும் கேளுங்கள்.