தராசின் முள்

முட்டத்துப் பாறைமேல் ஒரு மாலை வேளையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே கலங்கரை விளக்கமும் உண்டு, மாதாகோவிலும் உண்டு. இரண்டும் வழிகாட்டுவதற்கென்றே ஏற்பட்டவை. விளக்கு ஒளியைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது; எந்தப் படகையும் கயிறு கட்டி இழுப்பதில்லை. ஆத்மாவுக்கு வழிகாட்ட வருகிறவர்கள் அப்படிச் சும்மா இருக்கிறார்களா என்ற கேள்வி நம் மனத்தில் எழுந்தது.

அதைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான கரை கிடையாது. 1544-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பிரான்சிஸ் சவேரியார் இந்த முக்குவர் கரையோரமாக ஊர் ஊராய்ச் சென்றார். ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக, 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் கூறுகிறார். நாளொன்றுக்கு 300 பேருக்கு மேல் ஆகிறது! அவர்களில் எத்தனை பேர் விளங்கிக்கொண்டு தலை குனிந்தார்கள் என்று கேட்பது அந்த மகானுக்குச் செய்யும் அபசாரம் ஆகாது.

அவருடைய அன்பில் நமக்குச் சந்தேகமில்லை. 1544 ஜூனில் வடுகர் படைக்கு அஞ்சிய ஜனங்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்து பசியும் தாகமுமாய்க் கிடந்தார்கள். அவர்களுக்காக 20 தோணிகளுடன் கிளம்பினார் சவேரியார். எதிர்க்காற்று விடவில்லை, பின்னர்த் தரைவழியே நடந்து போனார். முத்துக்குளித்துறையில் தமக்கு உதவியாயிருந்த மான்சிலாஸ் ஜனங்களிடம் பொறுமை இழந்தபோது, பொல்லாத பிள்ளைகளைப் பொறுத்துக்கொள்ளும் நல்ல தகப்பனைப்போல் நடந்துகொள்ளும்படி எழுதினார். அதே ஆண்டில், அதே மான்சிலாஸுக்கு, சாராயம் குடித்து அகப்படும் பெண்களை மூன்று நாள் காவலில் வைக்கவும், பிடித்துக் கொடுக்கும் சேவகனுக்குத் தலைக்கு ஒரு பணம் கொடுக்கவும் உத்தரவு அனுப்பினார்.

இதையாவது பகிரங்கமான கண்டிப்பு என்று விட்டுவிடலாம். 1544 ஜனவரிக் கடிதத்தில் உள்ள செய்திதான் நம்மை அதிகம் உறுத்துகிறது. ஜபம் கற்ற சிறுவர்கள், தாய் தகப்பன்மார் பழைய தெய்வத்தை வணங்கினால் அவரிடம் ஓடிவந்து சொல்வார்களாம்; பிறகு அந்த விக்கிரகங்களை உடைத்துக் காலால் மிதிப்பார்களாம். சவேரியார் இதை மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார்.

இதை அளக்க நாம் வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவர வேண்டியதில்லை. அவருடைய குருவான இஞ்ஞாசியாரே ஒன்று வைத்துப் போயிருக்கிறார். சவேரியார் 1534-இல் பாரிஸ் நகரில் அவரிடம் பெற்ற ஞானப் பயிற்சி 1548-இல் நூலாக அச்சேறிற்று. பயிற்சி பெறுகிறவன் துறவறமா இல்லறமா என்று யோசிக்கும் வேளையில், பயிற்றுகிறவர் எந்தப் பக்கமும் அவனைச் சாய்க்கலாகாது, தராசின் முள்போல் நடுவில் நிற்க வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. மீதி, ஆண்டவனுக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம். இன்னோர் அடையாளமும் அதில் உண்டு. மனிதனைக் கெடுக்க வரும் தீய சக்தி, குடும்பப் பெண்ணை மயக்க வரும் கயவனைப்போல, ரகசியத்தையே விரும்புமாம். விஷயம் வெளியே தெரிந்தால் அதன் காரியம் கெட்டுப் போகுமாம். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'வீட்டில் யாரிடமும் சொல்லாதே' என்று தொடங்கும் உபதேசம் எந்த மதத்தில் வந்தாலும் நாம் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டியதுதான்.

பிற்காலத்து வழக்கங்களையும் இந்தத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். இக்கரைக் கிராமங்களில் வெகுகாலம் மீன்பாட்டில் ஒரு பங்கு கோவிலுக்குப் போயிற்று. அதை வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். பங்குக் குருவே ஊர் வழக்குகளுக்கும் நியாயாதிபதியாக விளங்கினார். கடலில் உயிரைப் பணயம் வைத்துப் பிழைப்பவன் கரையேறியதும் ஆண்டவனுக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பது அழகான காரியமே. ஆனால், 'பாக்கியைக் கட்டாவிட்டால் உன் மகள் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கமாட்டேன்' என்று ஒரு குரு சொல்வாரானால், அந்தக் கணமே முள் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கொடுப்பது காணிக்கை அல்ல. பயத்துக்குக் கட்டும் தண்டம்.

சாராயத்துக்குத் தண்டனை பெற்ற பெண்ணாவது மூன்றாம் நாள் காவலிலிருந்து வெளியே வந்திருப்பாள். தகப்பனைக் காட்டிக்கொடுத்துச் சபாஷ் பெற்ற சிறுவன் அன்றிரவு வீடு திரும்பியபோது அவனுக்குத் தாய் சோறு போட்டாளா, அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டானா என்பது கடிதத்தில் இல்லை.