பூமிச் சூடு: பயிருக்கு நன்மையும் கேடும்

பூமிக்குள் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் கூடும். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். எரிமலைப் பகுதிகளில் இதைவிட வேகமாக ஏறும். அங்கே ஆழ்துளை போட்டால் நீராவியும் வெந்நீரும் பீறிட்டு வரும். அந்த நீராவியைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம். 1904-ஆம் ஆண்டு இத்தாலியின் லார்டெரெல்லோவில் இவ்வாறு முதன்முதலாக விளக்கு எரிந்தது.

நன்மைகள்

இதற்கு நிலக்கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். வெயிலையும் காற்றையும் போல இது வந்து போவதில்லை; இரவும் பகலும் ஒரே சீராகக் கிடைக்கும். கென்யா நாட்டில் நைவாசா ஏரிக்கு அருகிலுள்ள ஒல்காரியாவில் 1981-இல் முதல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பூமிச் சூட்டிலிருந்தே வருகிறது.

பயிருக்கும் இந்தச் சூடு நேரடியாக உதவும். நைவாசாவின் ரோஜாப் பண்ணை ஒன்றில் கிணற்றுச் சூட்டைக் குழாய் வழியே பசுமைக்குடில்களுக்குள் செலுத்தினர். இரவில் குடிலின் ஈரப்பதம் குறைந்ததால் பூசண நோயும் குறைந்தது. குளிர் மிகுந்த ஐஸ்லாந்தில் தக்காளியும் வெள்ளரியும் இந்தச் சூட்டிலேயே விளைகின்றன.

குறைகள்

கிணறு தோண்டும் செலவு மிக அதிகம். தோண்டிய பின் ஆவி கிடைக்காமலும் போகலாம். அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவும் உடன் வரும். நியூசிலாந்தின் வைராகேயில் வெந்நீரை எடுத்துக்கொண்டே இருந்ததில், ஓரிடத்தில் தரை பத்து மீட்டருக்கு மேல் உள்வாங்கியது.

விவசாயிக்குப் பெரிய கேடு, வெளிவரும் வெந்நீரில் கரைந்துள்ள போரான் சத்துதான். சிறிதளவு இருந்தால் பயிருக்கு உணவு, மிகுந்தால் நஞ்சு. துருக்கியில் கிசில்தெரே மின் நிலையம் 1984-இல் தொடங்கியது. அதன் கழிவு நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் மேல் போரான் இருந்தது. அத்தி, எலுமிச்சை போன்ற மரங்களோ ஒரு மில்லிகிராமைத் தாண்டினாலே வாடும். அந்தக் கழிவு நீர் பல ஆண்டுகள் பெரிய மெண்டரஸ் ஆற்றில் விடப்பட்டது. கீழ்ப்பாசனத்தார் அதே ஆற்று நீரைத்தான் வயலுக்குப் பாய்ச்சினர். அவ்வாற்றுப் படுகையில்தான் துருக்கியின் பேர்பெற்ற அத்தித் தோப்புகள் உள்ளன. அண்மை ஆண்டுகளில் புதிய நிலையங்களை எதிர்த்து அத்தி விவசாயிகள் போராட்டத்தில் இறங்கியதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

நம் நாட்டில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் ஆழ்துளை போடும் பணிக்கு 2021-இல் ஒப்பந்தம் ஆயிற்று. 2022-இல் துளையிலிருந்து வெந்நீர் பீறிட்டு அருகிலுள்ள ஓடையில் கலந்ததால் வேலை நின்றது.

கவனிக்க வேண்டியவை

1. சூட்டை எடுத்தபின் நீரைத் திரும்பப் பூமிக்குள்ளேயே செலுத்த வேண்டும். இதனால் ஆறும் கெடாது, நிலத்தடி அழுத்தமும் பெருமளவு காக்கப்படும். செலவு கூடுகிறது என்று இதைத் தவிர்க்க இடம் தரக்கூடாது.

2. வெந்நீர் மூடிய குழாயில் மட்டும் ஓட வேண்டும். பாசனத்துக்கு நல்ல நீரையே தனியாகப் பயன்படுத்த வேண்டும்.

3. நிலையம் வருவதற்கு முன்பே கிணற்று நீரையும் மண்ணையும் போரானுக்காகப் பரிசோதித்துச் சான்று வாங்கி வைக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன் அளவு இல்லாமல் பின்னால் இழப்பீடு கேட்பது கடினம்.

4. முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் கருகினால் உடனே நீரைச் சோதிக்க வேண்டும். மண்ணில் ஏறிய போரானைக் கழுவ, உப்பைக் கழுவுவதைவிட அதிக நல்ல நீர் தேவைப்படும்.

பூமியின் சூடு விவசாயிக்கு உதவும். அதைச் சுமந்து வரும் நீர் வாய்க்காலுக்கு வராமல் பார்த்துக்கொள்வதே முதற் காவல்.