டப்பட் சத்தம்: இறுக்குவதற்கு முன் அளக்க வேண்டும்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கராஜ் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: “அண்ணை, டப்பட் அடிக்குது. கொஞ்சம் இறுக்கி விடுங்கோ.” அண்ணையும் றொக்கர் மூடியைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்றுத் திருப்பிப் பூட்டிவிடுவார். சத்தம் அடங்கிவிடும், சொந்தக்காரரும் மனநிறைவோடு போவார். அந்தக் காரின் புகை வால்வு எரியத் தொடங்குவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

ஏன் என்று பார்ப்போம். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற கார்களில் காம் ஷாப்ட் எஞ்சினின் அடிப்பாகத்தில் இருக்கிறது. அது சுழலும்போது டப்பட்டைத் தூக்கும். டப்பட் புஷ்ரொட்டைத் தள்ளும். புஷ்ரொட் மேலே இருக்கும் றொக்கரின் ஒரு முனையை உயர்த்த, மறுமுனை தாழ்ந்து வால்வைத் திறக்கும். எஞ்சின் சூடேறும்போது வால்வின் தண்டு நீளும். நீள்வதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவே றொக்கருக்கும் வால்வுக்கும் நடுவே சிறு இடைவெளி விடுகிறார்கள். மொறிஸ் மைனருக்கு அது குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். போட்டோகொப்பித் தாள் மூன்றை அடுக்கினால் ஏறக்குறைய அந்தத் தடிப்பு வரும். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வகையின் 1489 சிசி எஞ்சினுக்கு 0.015 அங்குலம். இந்தியாவின் அம்பாசிடரிலும் நீண்ட காலம் ஓடியது இதே எஞ்சின்தான்.

இடைவெளி இருந்தால் தட்டும் சத்தம் இருக்கும். மெல்லிய, ஒரே சீரான ‘டிக் டிக்’ இந்த எஞ்சின்களின் இயல்பு. இடைவெளி இல்லாமல் இறுக்கிவிட்டால், சூடேறி நீண்ட வால்வு தன் இருக்கையில் முழுதாகப் படியாது. வால்வு தன் சூட்டை இறக்கி வைப்பது அந்த இருக்கையில்தான். அங்கே படியாத புகை வால்வு சில நூறு கிலோமீற்றரிலேயே விளிம்பு எரிந்து போகலாம். பிறகு ஹெட்டைக் கழற்றாமல் வேலை முடியாது. சத்தம் போடும் வால்வைவிடச் சத்தமே இல்லாத வால்வுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

வன்னியில் இந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைப்பட்டன. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறக்கும்வரை பழைய ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள், எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோனதும் இப்படி ஓடிய வாகனங்களே. அவற்றை ஓட வைத்த மெக்கானிக்குகளின் கைத்திறனை எத்தனை தரம் புகழ்ந்தாலும் தகும்.

ஆனால் எஞ்சின் அதற்குக் கொடுத்த விலை பெரிது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத பங்கு சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே சம்புக்குள் இறங்கும். ஒயில் தண்ணீர்போல் ஆகிவிடும். எஞ்சின் ஒயில் பம்பிலிருந்து புறப்பட்டு முதலில் கிராங்குக்கும் காம் ஷாப்ட்டுக்கும் போகிறது, றொக்கருக்கு வருவது கடைசியில். வாய்க்காலின் கடைமடை வயலைப் போலத்தான் றொக்கர் ஷாப்ட். மேலே தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். போதாததற்கு வால்வுத் தண்டில் கரி படிந்து, வால்வு வழியில் சிக்கிச் சிக்கி இறங்கும்.

மண்ணெண்ணெய்க் காலம் போய்விட்டது. ஆனால் 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய கார்கள் இன்னும் பெறுமதியோடு ஓடுகின்றன. காபரேற்றர் வழிந்தாலோ சோக் சிக்கினாலோ இன்றும் பெற்றோல் சம்புக்குள் இறங்கி அதே சேதத்தைச் செய்யும். ஆகவே சத்தம் கேட்டவுடன் கை போகவேண்டிய முதல் இடம் ஒயில் கம்பி. ஒயில் மட்டம் குறைந்திருந்தால் நிரப்புங்கள். மட்டம் தானாகக் கூடியிருந்தால் அதைவிடக் கவலைப்பட வேண்டும், உள்ளே எரிபொருள் கலந்துகொண்டிருக்கலாம். மணந்து பாருங்கள், விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். கலப்பை நிறுத்தி, நல்ல 20W-50 ஒயில் மாற்றிய பிறகுதான் மற்றப் பேச்சு.

அடுத்தது, அந்தச் சத்தம் வால்வுப் பக்கத்துச் சத்தம்தானா என்ற கேள்வி. காம் ஷாப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால் டப்பட் சத்தமும் எஞ்சினின் பாதி வேகத்தில்தான் வரும். ஐடிலில் 800 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 தரம், நொடிக்கு ஆறேழு தரம் தட்டும். பழகிய காதுக்கு இதுவே போதும். பழகாதவர்கள் காப்புள்ள குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் தணிந்தால் அது கொனெக்ரிங் ரொட் பெயாரிங் பக்கத்து நோய், காரை ஓட்டாதீர்கள். சத்தம் அப்படியே இருந்தால் டப்பட்டாக இருக்கலாம். குளிரில் ‘சிக் சிக்’ என்று கேட்டுச் சூடேற மறைந்தால் புகைக்குழாய் கஸ்கட் கசிகிறதா என்று பாருங்கள். இதை டப்பட் என்று நினைத்து ஏமாறுபவர்கள் ஏராளம்.

நீண்ட ஸ்குரூ ட்ரைவரின் பிடியைக் காதில் வைத்து முனையை றொக்கர் மூடியில் ஊன்றிக் கேட்டால் எந்த இடம் என்று ஓரளவு பிடிபடும். சரியாகப் பிடிக்க, மூடியைக் கழற்றி எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, இடைவெளி அளக்கும் பீலர் கேஜின் தகட்டை ஒவ்வொரு றொக்கருக்கும் வால்வுக்கும் இடையில் செருகிப் பாருங்கள். எந்த இடத்தில் செருகும்போது சத்தம் அடங்குகிறதோ அதுவே குற்றவாளி. அப்படியே றொக்கர்களில் ஒயில் வடிகிறதா என்றும் கவனியுங்கள். உலர்ந்திருந்தால் வழி அடைபட்டிருக்கிறது. அதைத் திறக்காமல் இடைவெளி வைப்பது வீண்.

நன்றாக அனுபவப்பட்டவர்களையும் ஏமாற்றும் ஒன்று இங்கே இருக்கிறது. பல ஆயிரம் மைல் ஓடிய றொக்கரின் முகத்தில் வால்வு தட்டித் தட்டி ஒரு குழி விழுந்திருக்கும். பீலர் கேஜ் தட்டையானது, அது குழியின் இரு கரையிலும் பாலம்போல் படுத்துக்கொள்ளும். கேஜ் 0.012 என்று சொல்லும், உண்மையான இடைவெளியோ அதைவிடக் கூட. “கேஜ் வைச்சுத்தானே செய்தனான், பிறகும் அடிக்குதே” என்று மெக்கானிக் தலையைச் சொறிவது இதனால்தான். மேலும் இறுக்குவது இதற்கு மருந்தல்ல. றொக்கரைக் கழற்றி முகத்தை அதன் வளைவு மாறாமல் சாணை பிடிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். கழற்றும்போதே றொக்கர் ஷாப்ட்டின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவுங்கள். படிபோல் தட்டுப்பட்டால் ஷாப்ட்டும் தேய்ந்துவிட்டது.

இடைவெளி வைப்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. நாலு சிலிண்டரில் வால்வு எட்டு. முன்னிருந்து எண்ணி, எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அதன் இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழியுங்கள். மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதையும், எட்டாவது திறந்திருந்தால் முதலாவதையும் சரிசெய்யலாம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹண்டிலால் மெல்லச் சுற்றினால் ஒரு ஆளே செய்துவிடலாம். தகடு லேசாக இழுபட்டு வரவேண்டும். நட்டை இறுக்கிய பின் மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் நட் பூட்டும்போது திருகும் கொஞ்சம் திரும்பிவிடும்.

சரியாக வைத்தும் ஒரே வால்வு சில கிழமைகளில் திரும்பத் திரும்ப அடித்தால் கீழே காம் ஷாப்ட்டோ டப்பட்டோ தேய்கிறது. மைனரின் 948, 1098 சிசி எஞ்சின்களில் பக்கவாட்டு மூடியைத் திறந்து டப்பட்டை வெளியே எடுத்துப் பார்க்க முடியும். பிற்கால எஞ்சின்கள் சிலவற்றில் ஹைட்ரோலிக் டப்பட் இருப்பதால் இந்த முறை எதுவும் பொருந்தாது. அங்கே ஒயிலும் ஒயில் அழுத்தமும்தான் பார்க்க வேண்டியவை.

உங்கள் காரின் இடைவெளி எவ்வளவு, சூட்டில் வைப்பதா குளிரில் வைப்பதா என்பதை அதற்குரிய கைநூலில் பார்த்து மூடியின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள். கராஜில் பீலர் கேஜ் இல்லை என்றால் அன்றைக்கு றொக்கர் மூடியில் கைவைக்க விடாதீர்கள்.